வரலாறும் சமூக அறிவியல்களும்: புதுக்கடை வட்டாரத்தை முன்வைத்து

வரலாறு தனித்து நிற்கும் ஒரு துறையா, சமூக அறிவியல்களுள் ஒன்றா என்னும் விவாதம் நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. மனிதர் கூடி வாழும் முறையை ஆராயும் பொருளியல், சமூகவியல், மானிடவியல், அரசியலறிவியல், மக்கள்தொகையியல் முதலியவை சமூக அறிவியல்கள் எனப்படுகின்றன. பல இடங்களிலும் பல காலங்களிலும் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்குகளை இத்துறைகள் தேடுகின்றன. வரலாறோ குறிப்பிட்ட ஓரிடத்தில், குறிப்பிட்ட ஒரு காலத்தில் நடந்ததைச் சான்றுகளின் வழியே நிறுவ முயல்கிறது. இந்த வேறுபாட்டைக் காட்டி இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவோர் உண்டு. ஆயினும் ஒரு சிற்றூரின் கடந்த காலத்தை முழுமையாக எழுத முற்பட்டாலே, ஆவணம் மட்டும் போதாது என்பதும், கோட்பாடு மட்டும் போதாது என்பதும் தெளிவாகிவிடும். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள புதுக்கடையும் அதன் சுற்றுவட்டாரமும் இதற்குத் தக்க சான்றாக அமைகின்றன.

மார்த்தாண்டத்திலிருந்து தேங்காப்பட்டணம் செல்லும் வழியில், குழித்துறையாறு கடலை நெருங்கும் நிலப்பகுதியில் அமைந்திருப்பது புதுக்கடை. அருகில் முஞ்சிறையும் பார்த்திவபுரமும் உள்ளன. மேற்கே சிறிது தொலைவில் பழைய துறைமுகமான தேங்காப்பட்டணம் இருக்கிறது. இன்று கிள்ளியூர் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், நெடுங்காலம் விளவங்கோடு வட்டத்தில் இருந்தது. குமரி மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்று அழைப்பது இன்று வழக்கமாகிவிட்டாலும், கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் நாஞ்சில் நாடு என்பது பெரும்பாலும் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களின் நெல்வயல் பகுதியையே குறித்தது. கல்குளமும் விளவங்கோடும் தென்னையும் பனையும் நின்ற விளைகளால் ஆன மேட்டு நிலங்கள். நிலத்தின் இந்த வேறுபாட்டையொட்டி உழைப்பு, குடும்பம், சொத்துரிமை, மொழி ஆகிய அனைத்தும் இரு பகுதிகளிலும் வெவ்வேறாக வளர்ந்தன. ஆகவே இவ்வட்டாரத்தின் வரலாற்றை எழுதுவோர் முதலில் புவியியலைக் கற்க வேண்டியவர்களாகின்றனர்.

இரு துறைகள் நெருங்கிய கதை

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லியோபோல்ட் ஃபான் ராங்கே, அரசு ஆவணங்களை நுணுகிச் சோதித்து நிகழ்ச்சிகளை நிறுவும் முறையை வரலாற்றுக்கு வகுத்துத் தந்தார். அம்முறை துறைக்கு ஒழுக்கத்தைக் கொடுத்தது. ஆனால் ஆவணம் அரசுடையதாக இருந்ததால் வரலாறும் அரசர், அமைச்சர், போர் ஆகியவற்றின் வரலாறாகவே நின்றது. 1903இல் பிரெஞ்சு சமூகவியலாளர் பிரான்சுவா சிமியான், வரலாற்றாசிரியர்கள் அரசியல், தனிமனிதர், காலவரிசை ஆகிய மூன்றையும் தெய்வங்களாக வழிபடுகின்றனர் என்று கடுமையாகக் குறைகூறினார். அக்குறைக்கு விடையாக, 1929இல் மார்க் பிளாக்கும் லூசியன் ஃபெவ்ரும் அன்னால் என்னும் ஆய்விதழைத் தொடங்கி, நிலம், விலை, குடும்பம், நம்பிக்கை ஆகியவற்றையும் வரலாற்றின் பொருளாக்கினர். அவர்களுக்குப் பின்வந்த ஃபெர்னான் பிரோடல் 1958இல் எழுதிய கட்டுரையில், வரலாற்றுக் காலத்தை மூன்று அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார்: நாள்கணக்கில் நடந்து முடியும் நிகழ்ச்சி, சில பத்தாண்டுகள் நீளும் பொருளாதார, சமூக அலை, நூற்றாண்டுகள் கடந்தும் மெல்லவே மாறும் நெடுங்காலக் கட்டமைப்பு. வரலாறும் சமூக அறிவியல்களும் சந்திக்கும் இடம் இந்த நெடுங்காலமே என்பது அவர் கருத்து. மறுபுறத்தில், மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிச்சர்ட் 1950ஆம் ஆண்டின் சொற்பொழிவொன்றில், தம் துறையே ஒருவகை வரலாற்றெழுத்துதான் என்று வாதிட்டார்.

தமிழக வரலாற்றெழுத்தும் இதே பாதையில் நடந்திருக்கிறது. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு 1930களில் கல்வெட்டுகளைக் கொண்டு அரச வரிசையையும் ஆட்சி அமைப்பையும் நிறுவியது. ஜப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமா 1960களில் அதே கல்வெட்டுகளை வேறு கேள்வியோடு அணுகி, திருச்சிக்கு அருகிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரு சோழர்கால ஊர்களின் நில உரிமை முறைகளை ஒப்பிட்டார்; பிராமணர் அல்லாதோரின் ஊரில் நிலம் கூட்டுடைமையாகவும், பிரமதேய ஊரில் தனியுடைமையாகவும் இருந்ததை அந்த ஒப்பீடு காட்டியது. ஒய். சுப்பராயலுவோடு சேர்ந்து கல்வெட்டுகளில் வரும் பெயர்களையும் பட்டங்களையும் எண்ணிக்கை முறையில் தொகுத்ததும் இவ்வழியில் நடந்த பெரும் பணி. நாஞ்சில் நாட்டைச் சேர்ந்த கே. கே. பிள்ளை, 1953இல் வெளிவந்த தம் சுசீந்திரம் கோயில் ஆய்வில், ஒரு கோயிலை வழிபாட்டு இடமாக மட்டும் காணாமல் நிலவுடைமை, ஊழியம், நிர்வாகம், சாதி உறவு ஆகியவை ஒன்றுகூடும் நிறுவனமாகக் கண்டார். நா. வானமாமலை கதைப்பாடல்களைப் பதிப்பித்தும், 1969இல் தொடங்கிய ஆராய்ச்சி இதழின் வழியாகவும், எழுத்தறியாத மக்களின் நினைவையும் வரலாற்றுச் சான்றாக்கினார். இவர்கள் அனைவரும் பழைய சான்றுகளிடம் புதிய கேள்விகளைக் கேட்டனர். அக்கேள்விகளைப் பெரும்பாலும் சமூக அறிவியல்களிடமிருந்தே பெற்றனர்.

செப்பேடு சொல்லும் செய்தி

புதுக்கடைக்கு அருகிலுள்ள பார்த்திவபுரம் விஷ்ணு கோயிலின் தோற்றத்தைக் கூறும் செப்பேடுகள், திருவனந்தபுரத்து அரசுத் தலைமை அலுவலகமான ஹஜூர் கச்சேரியில் பாதுகாக்கப்பட்டிருந்ததால் ஹஜூர் அலுவலகச் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. இவ்வட்டாரத்தை அன்று ஆண்ட திருவிதாங்கூர் அரசின் தொல்லியல் துறைத் தலைவராக இருந்த து. அ. கோபிநாத ராவ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றைப் பதிப்பித்தார். ஆய் மன்னன் கருநந்தடக்கன் தன் ஒன்பதாம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 866இல், முஞ்சிறைச் சபையாரிடமிருந்து மாற்று நிலம் கொடுத்து ஓரிடத்தைப் பெற்று, அங்கே கோயில் எடுப்பித்து, பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டு, காந்தளூர்ச் சாலையின் முறைப்படி 95 சட்டர்களுக்குச் சாலை ஒன்றையும் நிறுவினான் என்பது அவற்றின் செய்தி. சாலை என்பது உணவும் உறைவிடமும் தந்து கல்வி புகட்டிய நிறுவனம். சட்டர் என்போர் அங்கே தங்கிப் பயின்ற வேத மாணவர்.

அரசியல் வரலாற்றுக்கு இச்செப்பேடு தருவது ஓர் ஆட்சியாண்டும் ஓர் அரசனின் பெயரும். அவை இன்றியமையாதவை, ஏனெனில் ஆய் மன்னர்களின் காலவரிசைக்கு உறுதியான ஊன்றுகோல் இக்குறிப்பே. ஆனால் நிறுவனங்களை ஆராயும் சமூகவியலாளரின் கேள்வியோடு படிக்கும்போது செப்பேடு வேறு பல செய்திகளைத் தருகிறது. அரசன் நிலத்தைப் பறித்துக்கொள்ளாமல் சபையோடு பரிமாற்றம் செய்துகொண்டான் என்பது, முஞ்சிறையில் அரசனும் மதித்து நடக்க வேண்டிய நிலவுடைமைக் குழு ஒன்று 9ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றியிருந்ததைக் காட்டுகிறது. மாணவர் இடங்கள் மூன்று வேதப் பிரிவினருக்கு 45, 36, 14 என்று பகுக்கப்பட்டிருப்பது, கல்வி யாருக்கு உரியதாகக் கருதப்பட்டது என்பதை வெளிப்படையாகவே சொல்கிறது. இலக்கணமும் மீமாம்சையும் கற்றவரையே சேர்க்க வேண்டும், சபைக்கு ஆயுதத்தோடு வரக் கூடாது என்பன போன்ற விதிகள், நிறுவனம் ஒன்று தன் உறுப்பினரைக் கட்டுப்படுத்திய முறையை உணர்த்துகின்றன. அக்கோயிலின் நிலங்களை உழுதவர் யார், அவர்களுக்குக் கிடைத்த பங்கு என்ன என்னும் கேள்விகளுக்குச் செப்பேடு விடை தருவதில்லை. அந்த மௌனத்தை மௌனமென்று இனங்காணும் பயிற்சியையே சமூக அறிவியல் வரலாற்றாசிரியருக்கு அளிக்கிறது.

அதே வேளையில் வரலாறும் சமூக அறிவியலுக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. முஞ்சிறைத் திருமலை மகாதேவர் கோயிலில் தொடங்கி, திருநட்டாலத்தில் முடியும் 12 சிவாலயங்களின் ஓட்டம் மகாசிவராத்திரியை ஒட்டி ஆண்டுதோறும் நடைபெறுகிறது. சிவன் கோயில்களை நோக்கி ஓடும் அடியவர் கோவிந்தா, கோபாலா என்று முழங்கிச் செல்கின்றனர். இன்று களத்தில் நின்று பார்க்கும் மானிடவியலாளர் இதைச் சைவ, வைணவ ஒற்றுமையின் சடங்காக விளக்கலாம். ஆயினும் விஷ்ணுவுக்குப் பார்த்திவபுரமும் சிவனுக்குத் திருமலையும் சில நடைதூர இடைவெளியில் வளர்ந்த ஒரு நிலப்பகுதியில், கோயில்களின் நிலங்களும் நிர்வாகங்களும் எக்காலத்தில் எவ்வாறு பிணைந்தன என்னும் ஆராய்ச்சி இல்லாமல் அந்த விளக்கம் நிறைவு பெறாது. சடங்கு இன்று காணப்படும் வடிவிலேயே என்றும் இருந்தது என்று கொள்வது, காலத்தை மறந்த ஆய்வுகளில் எளிதில் நேரும் பிழை.

ஆடை, நிலம், உழைப்பு

வரலாறும் சமூக அறிவியல்களும் ஒன்றையொன்று திருத்திக்கொள்வதற்குத் தென் திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டத்தை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. நாடார் முதலிய சாதிகளைச் சேர்ந்த பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்னும் சாதிக் கட்டுப்பாடு கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் கடுமையாக இருந்தது. 1810களில் ஆங்கிலேய ரெசிடெண்டாகவும் சில ஆண்டுகள் திவானாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோவின் காலத்தில், கிறித்தவரான பெண்கள் குப்பாயம் என்னும் மேற்சட்டை அணிய அனுமதி கிடைத்தது. உயர்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை அணிவதையோ 1829ஆம் ஆண்டின் அரச ஆணை மறுத்தது. 1858ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய கலவரங்களில் சந்தைகளில் பெண்களின் ஆடைகள் கிழிக்கப்பட்டன. வீடுகளும் பள்ளிக்கூடங்களும் எரிக்கப்பட்டன. சென்னை ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யனின் தலையீட்டுக்குப் பின், திவான் மாதவ ராவ் பதவியில் இருந்தபோது, 1859 ஜூலை 26இல் வெளியான அறிவிப்பு நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமையை ஏற்றது. உயர்சாதியினரின் பாணியை மட்டும் அப்போதும் விலக்கியது.

இந்நிகழ்ச்சிகளைப் பற்றி மிகுதியாக எழுதிவைத்தோர் லண்டன் மிஷன் சங்கத்தின் போதகர்களும் அரசு அலுவலர்களுமே. 1871இலும் 1883இலும் வெளிவந்த சாமுவேல் மடீரின் நூல்கள் இன்றும் முதன்மைச் சான்றுகளாகப் பயன்படுகின்றன. ஆனால் மிஷன் எழுத்து தன் பணியை ஆதரிப்போரை நோக்கி எழுதப்பட்டது. அரசு எழுத்து அமைதியை நிலைநாட்டும் கவலையிலிருந்து எழுந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துச் சோதிப்பது வரலாற்று முறை. அதன்பின் எழும் கேள்வி, ஆடை ஏன் போராட்டத்தின் பொருளாயிற்று என்பது. இதற்கு விடைதேடிய ஆய்வாளர்களுள் சிலர், எம். என். சீனிவாஸ் வகுத்த சமஸ்கிருதமயமாதல் என்னும் கருத்தாக்கத்தைக் கையாண்டனர்; அதாவது கீழ்நிலையில் வைக்கப்பட்ட சாதி ஒன்று மேல்நிலைச் சாதியின் வழக்கங்களைப் பின்பற்றித் தன் நிலையை உயர்த்திக்கொள்ள முயல்வது. 1969இல் நாடார் வரலாற்றை விரிவாக எழுதிய ராபர்ட் ஹார்ட்கிரேவின் நூல், இந்தப் பின்பற்றல், பின்னர் அமைப்பு கட்டி அரசியலில் ஈடுபட்டமை ஆகிய இரண்டையும் ஒரே சமுதாயத்தின் நீண்ட பயணத்தில் காட்டியது.

விளவங்கோட்டின் சான்றுகளை நுணுகி நோக்கினால், பின்பற்றல் என்னும் ஒரே கருத்து அங்கே போதவில்லை என்பது தெரியவரும். குப்பாயம் எந்த உயர்சாதியிடமிருந்தும் பெறப்பட்டதன்று. அது புதிய சமயமும் புதிய பள்ளிக்கூடமும் கொண்டுவந்த உடை. அது பரவிய காலத்திலேயே ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்குப் போக மறுத்தல், தலைவரி நீங்குதல், மிஷன் பள்ளிகளில் பெண்கள் பின்னல் வேலை கற்றுக் கூலி பெறுதல், இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு ஆண்கள் சென்று பணத்தோடு திரும்புதல் ஆகிய மாற்றங்களும் நிகழ்ந்தன. ஊழியம் என்பது அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய வேலை. 1855இல் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டதும், 1865இல் பண்டாரப்பாட்டம் அறிவிப்பு வெளியானதும் இதே அலையைச் சேர்ந்தவை. பண்டாரப்பாட்டம் என்பது அரசுக்குச் சொந்தமான நிலத்தைப் பாட்டத்துக்குப் பயிரிடுவது. 1865ஆம் ஆண்டின் அறிவிப்பு அந்நிலங்களைப் பயிரிட்டோருக்கு விற்கவும் ஒற்றி வைக்கவும் உரிமை தந்தது. நிலம் சந்தைப் பொருளாகியதும், நாளொன்றுக்கு இருவேளை பனையேறி அக்கானி இறக்கிய குடும்பங்களுள் சில, கருப்பட்டி வியாபாரத்தில் சேர்த்த பணத்தைக் கொண்டு விளைகளை வாங்கத் தொடங்கின. அதே காலத்தில் தாய்வழியில் சொத்து இறங்கிய நாயர் கூட்டுக் குடும்பங்களான மருமக்கள் வழித் தறவாடுகளின் கூட்டுச் சொத்து பாகப்பிரிவினைக்கும் கடனுக்கும் உள்ளாகி மெல்லக் கரைந்தது. 1976இல் வெளிவந்த ராபின் ஜெஃப்ரியின் நாயர் ஆதிக்கத்தின் வீழ்ச்சி பற்றிய நூல், குடும்ப அமைப்பு, நிலச் சட்டம், கல்வி ஆகியவற்றை இணைத்தே அம்மாற்றத்தை விளக்கியது. சமூகவியல் கொடுத்த கருத்தாக்கம் கேள்வியைக் கூர்மையாக்கியது. வட்டாரத்தின் ஆவணங்கள் அக்கருத்தாக்கத்தின் எல்லையைக் காட்டின.

கணக்கெடுப்பும் எல்லையும்

திருவிதாங்கூரில் முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1875இல் வ. நாகமையாவின் பொறுப்பில் நடந்தது. அரசின் மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 23 லட்சம். அதற்கு முன்பே 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் இரு ஆங்கிலேய அலுவலர்கள் நாட்டை அளந்து, ஒவ்வொரு பகுதியின் ஊர், விளைபொருள், குடிகள் ஆகியவற்றைப் பதிவுசெய்திருந்தனர். இத்தகைய பதிவுகள் வரலாற்றாசிரியருக்குப் பெருங்களஞ்சியம். ஆனால் அவை சமூகத்தை அப்படியே படமெடுத்தவை அல்ல. யாரை எந்தச் சாதியில் சேர்ப்பது, எந்த மொழியைத் தாய்மொழியாக எழுதுவது என்று முடிவுசெய்தே எண்ணியவை. நாடார் என்னும் பெயரைச் சென்னை மாகாண அரசு 1921ஆம் ஆண்டின் கணக்கெடுப்பை ஒட்டி ஏற்றுக்கொண்டது, அச்சமுதாயம் நடத்திய நீண்ட முயற்சியின் விளைவு. எனவே கணக்கெடுப்பின் பிரிவுகளை இயற்கையானவையாகக் கொண்டு ஆராயும் சமூக அறிவியல், தான் அளக்கும் பொருளுக்கே ஒரு வரலாறு உண்டு என்பதை மறந்துவிடுகிறது.

இதன் முக்கியத்துவம் மாநில எல்லை வகுக்கப்பட்ட காலத்தில் முழுமையாக வெளிப்பட்டது. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்று 1945இன் இறுதியில் நாகர்கோவிலில் உருவான அமைப்பு, பின்னர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்னும் பெயரில் ஏ. நேசமணியின் தலைமையில் வலுப்பெற்றது. நேசமணி விளவங்கோடு வட்டத்துப் பள்ளியாடியைச் சேர்ந்த வழக்கறிஞர். 1954 மார்ச்சில் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் பட்டம் தாணுப்பிள்ளையின் தலைமையில் பிரஜா சோஷலிஸ்ட் கட்சி அமைச்சரவை அமைந்தது. மலைத்தோட்டப் பகுதிகளான தேவிகுளம், பீர்மேட்டின் தமிழ்த் தொழிலாளர் பிரச்சினையில் நேசமணி உள்ளிட்டோர் கைதானதும் போராட்டம் தெற்கே பரவியது. ஆகஸ்ட் 11ஆம் நாளை விடுதலை நாளாக இயக்கம் அறிவித்தது. அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திரண்ட மக்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது, பலர் உயிரிழந்தனர். கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, மக்களைச் சுட்ட அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்று கோரினார். அக்கோரிக்கை ஏற்கப்படாதது அக்கட்சியின் பிளவுக்கு வழிகோலிற்று. அமைச்சரவை 1955 பிப்ரவரியில் கவிழ்ந்தது.

நிகழ்ச்சியின் அளவில் இது ஒரு நாளின் கதை. ஆனால் அது புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் ஏன் நிகழ்ந்தது என்னும் கேள்விக்கு மொழிப்பற்று மட்டுமே விடையாகாது. தோவாளையிலும் அகத்தீசுவரத்திலும் தமிழ் பேசுவோர் விளவங்கோட்டை விட மிகுந்த விழுக்காட்டில் இருந்தனர். விளவங்கோட்டிலோ மலையாளம் பேசுவோர் கணிசமாக வாழ்ந்தனர், பலர் இரு மொழியும் பேசினர், பள்ளியும் பத்திரமும் பெருமளவு மலையாளத்தில் இருந்தன. மொழி வேறுபாட்டோடு நிலவுடைமையின் பழைய பிளவும், அலுவலகங்களிலும் காவல்துறையிலும் யார் இருந்தனர் என்னும் அதிகாரக் கேள்வியும், தோள்சீலைக் காலத்தின் அவமான நினைவும், மிஷன் பள்ளிகளில் படித்து வெளிவந்த ஒரு தலைமுறையின் தன்னம்பிக்கையும் ஒன்றுசேர்ந்த இடம் விளவங்கோடு. இவ்விளக்கம் மொழி உணர்வைச் சிறுமைப்படுத்துவதாகாது. அவ்வுணர்வு எந்த மண்ணில் வேர்பிடித்து வலிமை பெற்றது என்பதைக் காட்டுவதன் மூலம், உயிர் கொடுத்தவர்களின் துணிவை இன்னும் ஆழமாகப் புரியவைக்கிறது. பிரோடல் கூறிய மூன்று அடுக்குகளும் இங்கே பொருந்திவருகின்றன: 1954ஆம் ஆண்டின் ஒரு நாள், 1859க்கும் 1956க்கும் இடைப்பட்ட நிலமாற்ற, கல்வி அலை, கோயிலும் சபையும் விளையும் வயலும் வகுத்த நெடுங்காலக் கட்டமைப்பு.

பசல் அலியின் தலைமையில், எச். என். குன்ஸ்ருவும் கே. எம். பணிக்கரும் உறுப்பினராக இருந்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் தன் அறிக்கையை அளித்தது. பணிக்கர் பெயர்பெற்ற வரலாற்றாசிரியர். ஆயினும் ஆணையத்தின் முடிவுகளுக்கு முதன்மைச் சான்றாக அமைந்தது வட்டவாரியான மொழிக் கணக்கு. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தென் வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்குச் செல்ல வேண்டும் என்று பரிந்துரைத்த ஆணையம், தேவிகுளம், பீர்மேட்டுக்கு அதே அளவுகோலைக் கையாளவில்லை. அங்குள்ள தமிழர் தோட்ட வேலைக்கு வந்துபோகும் தொழிலாளர் என்னும் வாதத்துக்கு இடமளித்தது. ஒரே கணக்கெடுப்பு எண், ஓரிடத்தில் நிலையான மக்களின் மொழியாகவும், வேறோரிடத்தில் இடம்பெயர்ந்த உழைப்பின் தற்காலிக விளைவாகவும் படிக்கப்பட்டது. எண்ணைத் தருவது மக்கள்தொகையியல். அந்த எண் எப்படி உருவாயிற்று, யார் எப்போது எதற்காகக் குடிபெயர்ந்தனர் என்பதைத் தருவது வரலாறு. இரண்டும் கைகோக்காத இடத்தில், எல்லை வகுப்போர் எண்ணைத் தம் வசதிக்கேற்பப் படிக்கும் வாய்ப்பு உருவாகிறது. 1956 நவம்பர் 1இல் நான்கு வட்டங்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின.

ஆய்வே ஆவணமாகும்போது

சமூக அறிவியல் சமூகத்தை ஆராய்வதோடு நிற்பதில்லை. சில வேளைகளில் அதை மாற்றவும் முற்படுகிறது. கே. டி. பால் இந்தியாவில் தொடங்கிவைத்த கிறித்தவ இளைஞர் சங்கத்தின் கிராமப் பணியின் தொடர்ச்சியாக, அமெரிக்கரான ஸ்பென்சர் ஹேட்ச் 1920களில் மார்த்தாண்டத்தில் கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தினார். தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு, கருப்பட்டித் தயாரிப்பில் சீர்திருத்தம், கூட்டுறவு விற்பனை ஆகியவற்றை அம்மையம் சுற்றுவட்டார ஊர்களில் பரப்பியது. அவர் 1932இல் வெளியிட்ட நூல், கிராம வறுமையைப் போக்கும் வழிகளைப் பற்றிய சமூக ஆய்வாக அன்று படிக்கப்பட்டது. இன்றைய வரலாற்றாசிரியருக்கு அதுவே 1920களின் விளவங்கோட்டு வாழ்க்கைக்கான ஆவணமாகிறது. மார்த்தாண்டம் தேன் இன்று பெற்றிருக்கும் பெயருக்கு அம்முயற்சியே தொடக்கம். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1910களில் தமிழக ஊர்கள் சிலவற்றில் தம் மாணவரைக் கொண்டு செய்த ஆய்வுகளும், அதே ஊர்களில் பின்னர் நடந்த மறு ஆய்வுகளும் இவ்வாறே கிராமப் பொருளாதார வரலாற்றின் சான்றுகளாயின. ஒரு தலைமுறையின் சமூக அறிவியல், அடுத்த தலைமுறையின் வரலாற்றுச் சான்று.

செய்ய வேண்டிய பணி

நாஞ்சில் நாட்டில் இத்தகைய இணைப்புக்கு நல்ல முன்னோடிகள் உண்டு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கவிஞராக அறியப்பட்டாலும், கல்வெட்டுகளையும் அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளையும் தேடிப் படியெடுத்து ஆராய்ந்தவர். அடிமை விற்பனை முதல் வரி வசூல் வரை பதிவாகியிருக்கும் அந்த ஓலைகளை அ. கா. பெருமாள் பிற்காலத்தில் பதிப்பித்தார். அவரே வில்லுப்பாட்டையும் கதைப்பாடல்களையும் தொகுத்து, ஏட்டில் இடம்பெறாத மக்களின் குரலை வரலாற்றோடு சேர்த்தார். நாஞ்சில் நாட்டு நெல்வயல் பகுதிக்கு நடந்த அளவுக்கு விளவங்கோட்டு விளைநிலப் பகுதிக்கு இப்பணி நடக்கவில்லை.

புதுக்கடை வட்டாரத்துக்குத் தேவையான சான்றுகள் இன்றும் உள்ளன. வீடுகளில் பாதுகாக்கப்படும் மலையாளப் பத்திரங்களும் ஒற்றிச் சீட்டுகளும், கிறித்தவச் சபைகளின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளும், பழைய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளும், தேங்காப்பட்டணத்துக் கடல் வணிகக் குடும்பங்களின் கணக்குகளும் ஒருங்கே வைத்துப் படிக்கப்பட வேண்டியவை. திருமுழுக்குப் பதிவேட்டிலிருந்து குடும்பங்களின் இடப்பெயர்ச்சியையும், சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து பெண் கல்வியின் வளர்ச்சியையும், ஒற்றிச் சீட்டிலிருந்து நிலம் கைமாறிய வேகத்தையும் எண்ணிக்கையாகவே கணக்கிட முடியும். இப்பத்திரங்களைப் படிக்க மலையாளமும் தமிழும் அறிந்தவர் வேண்டும். அத்தகையோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். 1954ஐக் கண்டவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. அன்று குழந்தைகளாக இருந்தவர்களும் முதுமையின் எல்லையில் நிற்கின்றனர்.

இவற்றைத் திரட்டும் பணியை ஒரு துறை மட்டும் செய்ய இயலாது. 1964இல் தொடங்கப்பட்ட மார்த்தாண்டம் நேசமணி நினைவுக் கிறித்தவக் கல்லூரி உட்பட மாவட்டத்தின் கல்லூரிகளில் வரலாறும் பொருளியலும் மொழியும் கற்பிக்கும் துறைகள், ஒரே ஊரை ஒரே ஆண்டில் சேர்ந்து ஆராயும் திட்டங்களை வகுக்க வேண்டும். வரலாற்று மாணவர் பத்திரத்தைச் சோதிக்கட்டும், பொருளியல் மாணவர் விலையையும் கூலியையும் கணக்கிடட்டும், மொழியியல் மாணவர் முதியோரின் பேச்சைப் பதிவுசெய்யட்டும். மூவரும் ஒரே ஏட்டில் தம் முடிவுகளை எழுதட்டும். தம் வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் பழைய பத்திரமோ ஓலையோ வைத்திருக்கும் குடும்பங்கள், அவற்றைப் படமெடுத்துக்கொள்ள ஆய்வாளரை அனுமதித்தாலே பணியின் பாதி நிறைவேறிவிடும். கரையான் அரிப்பதற்குள் இப்பணி தொடங்கப்பட வேண்டும் என்பதே விளவங்கோட்டு மக்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் விடுக்கப்படும் வேண்டுகோள்.